வெளிநாட்டு மொபைலுக்குப் பேசும்போது காசு எங்கே கரைகிறது

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் மாதம் போன் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைக்காதவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விளம்பரத்தில் இருக்கும் நிமிடக் கட்டணத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த நிமிடத்தை அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் பாதிக் காசு போகிறது.

முதலில் லேண்ட்லைன், மொபைல் வித்தியாசம். நம் அழைப்பு இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது, அதை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் அங்கத்திய நிறுவனம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. பல நாடுகளில் மொபைலுக்கு இந்தத் தொகை அதிகம், சில இடங்களில் பல மடங்கு. அமெரிக்கா, கனடா வேறு மாதிரி. அங்கே எண்ணைப் பார்த்து மொபைலா லேண்ட்லைனா என்று கண்டுபிடிக்கவே முடியாது, கட்டணமும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ‘வெளிநாட்டுக்கு அளவில்லாமல் பேசலாம்’ என்று ஒரு பிளான் கண்ணில் பட்டால், நீங்கள் பேச வேண்டிய நாட்டின் பெயருக்கு எதிரே மொபைல் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். லேண்ட்லைனுக்கு மட்டும் இலவசம் என்பது கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

அடுத்தது காலிங் கார்டு, அதாவது முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வெளிநாட்டுக்குப் பேசும் அட்டை. நான் வாங்கிய முதல் கார்டில், எண்ணை அழுத்தியதும் ஒரு குரல் ‘உங்களுக்கு 120 நிமிடம் இருக்கிறது’ என்றது. அட, பரவாயில்லையே என்று நினைத்தேன். சிக்னல் சரியில்லாமல் லைன் மூன்று தடவை அறுந்தது, நாலாவது தடவை கூப்பிட்டபோது அதே குரல் 70 சொச்சம் என்றது, நான் பேசியதோ மொத்தமே பத்து நிமிடம்கூட இருக்காது! அப்புறம்தான் கார்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம், மூன்று நிமிடத் துண்டுகளாகக் கணக்கு. அதாவது 3 நிமிடம் 10 வினாடி பேசினால் 6 நிமிடத்துக்குக் காசு. சில கார்டுகளில் முதல் அழைப்பு போன நாளிலிருந்து பராமரிப்புக் கட்டணம் என்று தானாகவே கழிந்துகொண்டிருக்கும், பேசினாலும் பேசாவிட்டாலும்.

அதனால் கார்டோ ஆப்போ எதுவானாலும் முதலில் இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ் போட்டு, 1 நிமிடம் 5 வினாடி பேசிவிட்டு வைத்து, பேலன்ஸ் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். வினாடிக் கணக்கா, நிமிடக் கணக்கா, துண்டுக் கணக்கா என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். பிடித்திருந்தாலும் மொத்தமாகக் காசை உள்ளே போட்டு வைக்காதீர்கள். 2003-இல் தொடங்கி உலகமே பயன்படுத்திய இணைய அழைப்புச் சேவையான ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

உள்ளூர் எண்ணைக் கூப்பிட்டு அதன் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் சேவைகளும் உண்டு. உங்கள் பிளானில் உள்ளூர் அழைப்பு இலவசமாக இருந்தால்தான் அது லாபம், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் காசு.

எதிரில் இருப்பவரிடம் நெட் இருந்தால் வாட்ஸ்அப் மாதிரி ஆப்தான் எளிது, அதில் சந்தேகமே இல்லை. குரல் அழைப்புக்கு அதிக டேட்டா தேவையில்லை, வீடியோதான் விழுங்கும். செட்டிங்ஸில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் போல, இந்த மாதிரி அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. போகும் இடத்து விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக்கோ அலுவலகத்துக்கோ பேச ஆப் பெரும்பாலும் உதவாது, அதற்கு, மேலே சொன்ன வழிகள்தான்.

பழைய சிம்மை ஓடிபிக்காக வைத்திருப்பீர்கள், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகலாம். எடுக்காமல் விட்டாலும் தப்பிக்க முடியாது என்பதுதான் பலருக்குத் தெரியாத கதை: வாய்ஸ்மெயில் (நீங்கள் எடுக்காதபோது கூப்பிட்டவரின் செய்தியைப் பதிவு செய்யும் வசதி) போட்டிருந்தால், அந்த அழைப்பு நீங்கள் இருக்கும் நாடு வரை வந்து, எடுக்க ஆள் இல்லாமல் திரும்ப வாய்ஸ்மெயிலுக்கே போகும். வந்ததற்கு ஒன்று, திரும்பிப் போனதற்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் விழ வாய்ப்பிருக்கிறது. கிளம்பும் முன்பே ##002# அழுத்தி டயல் செய்தால் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடுவது உட்பட எல்லா கால் ஃபார்வர்டிங்கும் ரத்தாகும். ஜிஎஸ்எம் என்ற மொபைல் தொழில்நுட்பத்தின் வழியில் வந்த நெட்வொர்க்குகளில் இது பொதுவாக வேலை செய்யும். நீங்கள் கூப்பிடும்போதும் அப்படித்தான், மறுமுனையில் வாய்ஸ்மெயில் எடுத்தாலும் அது எடுத்த அழைப்புதான், மீட்டர் ஓடும். பதிவுக் குரல் கேட்டதும் வைத்துவிடுங்கள்.

வைஃபை காலிங், அதாவது டவர் சிக்னலுக்குப் பதில் வைஃபை வழியாகவே சிம் எண்ணில் பேசும் வசதி, பழைய சிம்மில் இருந்தால், வெளிநாட்டிலிருந்து அதில் பேசுவதை உள்ளூர் அழைப்பாகவே கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு, எல்லாரும் இல்லை. ஊரை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்பின் தெரியாத நாட்டுக் குறியீட்டிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பிக் கூப்பிடாதீர்கள். நிமிடத்துக்குக் கொள்ளைக் கட்டணம் இருக்கும் எண்களுக்கு நம்மை இழுக்கும் பழைய ஏமாற்று அது, ஜப்பானிய மொழியில் வாங்கிரி என்று பெயரே உண்டு. உண்மையிலேயே உங்களைத் தேடுபவர் இன்னொரு தடவை அடிப்பார்.