டிரஸ்ட்வொர்த்தி அட்டானமஸ் சிஸ்டம்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. 2020இல் 3.3 கோடி பவுண்ட் நிதியில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் பெயர் இது. சவுத்தாம்ப்டன், நாட்டிங்காம், லண்டன் கிங்ஸ் கல்லூரி மூன்றும் மையமாக இருந்தன. யார்க், லங்காஸ்டர், பிரிஸ்டல், எடின்பரோ போன்ற இடங்களில் ஆளுக்கொரு கிளை இருந்தது. கணினித்துறையினர், சட்டம் படித்தவர்கள், உளவியலார் எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டிய திட்டம். 'நம்பகமான தானியங்கி அமைப்புகள்' சரிவருமா?

---
மறுமொழி:

> நம்பகமான தானியங்கி

இரண்டுமே இடிக்கிறது ஐயா. 'நம்பகத்தன்மை' ரிலையபிலிட்டிக்குப் போய்விட்டது; இரண்டு பழுதுகளுக்கு நடுவே சராசரியாக எத்தனை மணி நேரம் என்று எண்ணிச் சொல்லும் விஷயம் அது. இங்கே பேசுவது வேறு.

2018 மார்ச் 18, அரிசோனாவின் டெம்பேயில் ஊபர் சோதனைக் கார் சாலையைக் கடந்த பெண்மீது மோதியதை எடுத்துக்கொள்ளுங்கள். மோதலுக்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. உணரி எதுவும் பழுதாகவில்லை. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், மிதிவண்டி, வேறேதோ என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம் அதுவரை சேர்த்த தடத்தைக் கழித்துவிட்டது. தடம் இல்லாமல், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று கணிக்க முடியாது. ஆபத்து என்று முடிவானபோது மிஞ்சியது 1.2 விநாடி. பொய் எச்சரிக்கைக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கூடாதென்று வைத்திருந்த ஒரு விநாடித் தாமதம் அதையும் தின்றது. காரைத் தயாரித்த வோல்வோவின் சொந்த அவசர பிரேக்கும் செயல்படாதபடி வைக்கப்பட்டிருந்தது. உறுப்புகளின் நம்பகத்தன்மையில் குறையில்லை, நம்பத்தான் லாயக்கில்லை.

'தானியங்கி' லிஃப்டுக்குப் பொருந்தும். சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுப்பதற்குத் 'தன்முடிவு' என்று ஒருமுறை இங்கே யாரோ முன்வைத்தார்கள். தற்கொலைச் செய்தி மாதிரி ஒலிக்கிறது. கல்லூரி வாசனை அடித்தாலும் 'தன்னாட்சி' இருக்கட்டும்.

---
மறுமொழி:

தன்னாட்சிக்கு என் வாக்கும். மற்றதற்கு 'நம்பத்தகவு'. 'நம்பிக்கை' பயன்படுத்துபவர் மனத்தில் இருப்பது. நம்பத்தகவு அமைப்பிடம் இருப்பது. கூட்டுத் திட்டங்களில் அறிக்கை கோணுவது பெரும்பாலும் இங்கேதான். உளவியல் குழு 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்கும் வினாத்தாளை ஓட்டியிருக்கும். 4 இருந்தது 6 ஆனதும், பொறியியல் பக்கத்தில் 'அமைப்பின் நம்பத்தகவு கூடியது' என்று எழுதிவிடுவார்கள். கூடியது நம்பிக்கை மட்டுமே. இனிய குரலில் பேசும் ரோபோவுக்கும் மதிப்பெண் ஏறும். அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நிரல் வைப்பதே வழி.

இரண்டும் ஒத்துப்போகாதபோது மிகைநம்பிக்கை அல்லது குறைநம்பிக்கை. டெம்பேயில் காருக்குள் இருந்த கண்காணிப்பாளர் சாலையைப் பார்க்காமல் கைபேசியைப் பார்த்தது முன்னது. இரண்டையும் ஒத்துவரச் செய்வதற்கு 'நம்பிக்கை அளவொப்பு' எனலாம். கருவிகளுக்குச் சொல்லும் 'அளவுத்திருத்தம்' இங்கே பொருந்தாது.

---
மறுமொழி:

இயற்பியலில் 'தகவு' என்றால் விகிதம். மாணவர்கள் குழம்ப மாட்டார்களா?

---
மறுமொழி:

'நம்பத்' முன்னால் நிற்கும்போது யாரும் வகுத்துப் பார்க்க மாட்டார்கள். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' குறளில் இருக்கும் தகவுதான் இது. எச்சம், அதாவது ஒருவர் விட்டுச்செல்வது, என்ற பகுதியும் இந்தத் துறைக்கு ஒத்துப்போகிறது, ஏனென்றால் சான்று இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது.

அந்தச் சான்றைக் கோத்துக் காட்டும் ஆவணத்துக்கு 'உறுதிப்பாட்டு வாதம்'. இந்த வாதத்தைப் படமாக வரையும் ஜி.எஸ்.என். குறியீட்டு முறையில் செவ்வகம் இலக்கு, இணைகரம் உத்தி, வட்டம் சான்று. யார்க்கின் அம்லாஸ் முறை, இயந்திரக் கற்றலுக்கு இதை ஆறு கட்டமாகப் பிரிக்கிறது: வரையறை, தேவைகள், தரவு, மாதிரியைப் பயிற்றுதல், சரிபார்ப்பு, களத்தில் நிறுத்துதல். வழக்கமாகச் சறுக்குவது வட்டத்தில்: 'இரவு மழையிலும் ஆளைக் காணும்' என்று இலக்கு எழுதிவிட்டு, பகல் படங்களில் கிடைத்த துல்லிய விழுக்காட்டைச் சான்றாக ஒட்டுவது. பயிற்சித் தரவில் இருந்த படமே சோதனையிலும் வருவது அடுத்தது.

---
மறுமொழி:

ஆக, 'நம்பத்தகு தன்னாட்சி அமைப்புகள்'. கட்டுரையில் போட்டுவிடுகிறேன். லங்காஸ்டர் கிளையின் பெயர்தான் பாக்கி. அது செக்யூரிட்டி, சேஃப்டி வேறு. தமிழில் இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே எழுதுகிறோம். ஊடுருவலைத் தடுப்பதற்குக் 'காப்பரண்' என்று வைத்தால் மறுப்பு உண்டா?