நேட்டாலில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களின் பெயர்கள்: உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த போயர் போரின்போது, 1899 டிசம்பரில், அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான நேட்டாலில் காந்தி முன்னின்று திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோ, ஸ்பியான் கோப் போர்க்களங்களில் அடிபட்ட ஆங்கிலேயப் படையின் சிப்பாய்களைத் தூக்கிக்கொண்டு, ஒரே நாளில் இருபது மைலுக்கு மேலும் நடந்தார்கள். போருக்குப் பிறகு பதக்கம் கிடைத்தது தலைவர்களுக்குத்தான். தோள் கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கே? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

என் பாட்டியின் தாத்தா அந்தப் படையில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய ஒப்பந்தச் சீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. மடிப்பில் நைந்து, எண்ணின் கடைசி இலக்கம் அழிந்திருக்கிறது. தகப்பன் பெயரும் ஊரும் தெளிவாக இருக்கின்றன. டர்பனுக்குப் போன கப்பல்களின் பதிவேட்டில் இதே விவரங்கள் இருப்பதால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் வேலை செய்த கரும்புத் தோட்டம் படைக்கு ஆள் அனுப்பியதா என்பதை எப்படித் தேடுவது?

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களில் தேடிப் பழகியவர்கள், தென்னாப்பிரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். சீட்டின் படத்தை அனுப்புகிறேன். பாட்டிக்கு 91 வயது.