நெரைட் நத்தை லார்வாக்கள் 5 நாள் தாண்டுவதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் நன்னீர்த் தொட்டியில் 6 நெரைட் நத்தைகள் இருக்கின்றன. கண்ணாடி, மரக்கட்டை எல்லாவற்றிலும் எள்ளை ஒட்டி வைத்தது மாதிரி வெள்ளை முட்டைகள்; நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. நன்னீரில் இவை தேறாது. ஆற்றோடு கடல் பக்கம் போய், உப்புநீரில் மிதந்து வளர்ந்த பிறகுதான் லார்வா (முட்டையிலிருந்து வரும் நுண்ணிய குஞ்சு) நத்தையாகி அடியில் இறங்கும்.

அதனால் முட்டை ஒட்டிய கட்டையை 10 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். கடல்மீன் தொட்டிக்கான உப்பு (சமையல் உப்பு இல்லை), ஒப்படர்த்தி (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.010, வெப்பம் 26 டிகிரி. ஃபில்டர் லார்வாக்களை உறிஞ்சிவிடும் என்று ஏர் ஸ்டோன் (காற்றுக்குமிழி விடும் கல்) மட்டும். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி டார்ச் அடித்தால், வெளிச்சத்தில் தூசி போல ஏராளமான புள்ளிகள்! லென்ஸில் ஒவ்வொன்றும் சுழன்று சுழன்று நீந்தியது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் அத்தனையும் அடியில் படிந்து கிடந்தன. இரண்டாம் முறையும் அதே கதை. மனசு கேட்கவில்லை.

தீனியில்தான் தப்பு என்று சந்தேகம். வெயிலில் வைத்துப் பச்சையான நன்னீரைத்தான் ஊற்றினேன். அந்தப் பாசி உப்பில் செத்து நீரைக் கெடுத்திருக்கலாம். நானோகுளோராப்சிஸ், ஐசோகிரைசிஸ் என்ற இரண்டு கடல் நுண்பாசிகளில் எதை வளர்த்துக் கொடுத்தீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு? லார்வாவை இழக்காமல் தண்ணீர் மாற்றுவது எப்படி? உப்பை இன்னும் கூட்டணுமா?

கட்டையில் புது முட்டைகள் வந்துவிட்டன. குட்டி நத்தை வரை கொண்டுவந்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.