கொள்கை ஆய்வை எங்கே தொடங்குவது: ஆவணத்திலா, ஆட்களிடமா?

ஒரு புதுமாணவியின் கேள்விக்கு இருவர் பதில் சொல்கிறார்கள்: மூல ஆவணத்தை நம்புபவர் ‘மூலஆவணம்’, ஆட்களிடம் நேரில் கேட்பவர் ‘களத்துக்காரர்’.

புதுமாணவி:
வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் படிப்பு மேம்படுமா என்று ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எங்கே தொடங்கலாம்?

மூலஆவணம்:
செய்திக் கட்டுரைகளை ஓரமாக வையுங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய, ஸ்டார் என்ற வகுப்பு அளவுச் சோதனையின் அறிக்கையை எடுங்கள். 13 முதல் 17 பேர் இருக்கும் வகுப்பு, 22 முதல் 25 பேர் இருக்கும் வகுப்பு என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். குலுக்கல் என்பதால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

களத்துக்காரர்:
அறிக்கையோடு நின்றால் பாதிதான் தெரியும். கலிபோர்னியா 1996இல் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைக்கப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது. எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் ஆள் தேடியதால், முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்களையும் வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. நூலக அறைகள்கூட வகுப்பறை ஆயின. ஆசிரியர் நியமனம் பார்க்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தாலே இது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

மூலஆவணம்:
சரி, ஆனால் அதையும் ஆய்வறிக்கைகள்தானே பதிவு செய்தன? ஒருவர் தன் பள்ளியில் கண்டதைச் சொல்வார். அதை மாநிலம் முழுக்க எப்படி நீட்டுவீர்கள்?

களத்துக்காரர்:
எண்களும் ஏமாற்றும். பொருளாதாரத்திலிருந்து ஓர் உதாரணம். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2013இல் பார்த்தால், அவர்களுடைய எக்செல் தாளில் ஐந்து நாடுகள் கணக்கில் விட்டுப்போயிருந்தன!

மூலஆவணம்:
அதைக் கண்டுபிடித்தது யார்? தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், அந்தத் தாளையே கேட்டு வாங்கி, வரிவரியாகப் போட்டுப் பார்த்தார். விடுபட்ட தரவையும் சராசரி எடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். முடிவுரையைப் படித்துவிட்டு நிற்காதீர்கள், தரவைத் திறங்கள்.

களத்துக்காரர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தரவைத் திறப்பது என்று எப்படித் தெரியும்? கலிபோர்னியாவில் மதிப்பெண் தாளை மட்டும் திறந்தவருக்கு ஆசிரியர் பற்றாக்குறை கண்ணில் படாது. அதனால் தங்கச்சி, முதலில் இரண்டு தலைமை ஆசிரியர்களிடம் கேளுங்கள்: நாளைக்கே வகுப்பைப் பாதியாக்கச் சொன்னால் உங்களுக்கு எது குறையும்?

புதுமாணவி:
நாளை ஒரு தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். ஸ்டார் அறிக்கையை இன்றிரவே படித்துவிடுகிறேன்.

மூலஆவணம்:
படிக்கும்போது, பாதியில் பள்ளி மாறிய பிள்ளைகளை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்று பாருங்கள். அந்தத் தலைமை ஆசிரியரிடமும், பாதியில் பள்ளி மாறும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்.