புதுப்பிப்பு: பழைய 7×50 கப்பல் பைனாகுலர் வாங்கியாயிற்று
பழைய 7×50 பைனாகுலரை (7 மடங்கு பெரிதாக்குவது, முன் லென்ஸ் 50 மி.மீ. விட்டம்) எப்படிச் சோதித்து வாங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. குஜராத்தின் அலங் கப்பலுடைப்புத் தளத்தை ஒட்டிய சாலையோரக் கடையொன்றில், திசைகாட்டியுடன் கூடிய ஃபுஜினான் நிறுவனப் பைனாகுலர் கிடைத்தது.

நீங்கள் சொன்னவற்றில் மிகவும் கைகொடுத்தது டார்ச் யோசனைதான். பெரிய லென்ஸ் பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சியபோது, வெளியே பளபளவென்றிருந்த வேறொரு பைனாகுலரின் முப்பட்டகத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ரப்பர் உறை தேய்ந்துபோன, நான் வாங்கிய இதுவோ உள்ளே சுத்தமாக இருந்தது. அடுத்து, தொலைவிலுள்ள மின்கம்பத்தை நோக்கி, இரு கண்களுக்கும் பிம்பம் ஒன்றாகவே விழுகிறதா என்று பார்த்தேன். அது பிசகியிருந்தால், சரிசெய்யும் செலவு வாங்கிய விலையையே விழுங்கிவிடும்.

எதிர்பாராதது, திசைகாட்டியின் திரவத்தில் தெரிந்த சிறு காற்றுக்குமிழி. முள் தடையின்றிச் சுழன்றதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதைக் காட்டித்தான் பேரம் படிந்தது.