பழைய மாங்காய்ப் பூட்டின் ரிவெட்டை எப்படிக் கழற்றுவது?

வணக்கம் நண்பர்களே. பூட்டுகளைப் பிரித்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. இப்போது தாத்தா வீட்டு மாங்காய்ப் பூட்டு ஒன்று கையில் இருக்கிறது, திண்டுக்கல் கைவேலை, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினதே அந்தப் பூட்டு. சாவி இருக்கிறது, ஆனால் பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறது, மண்ணெண்ணெயில் ஊற வைத்தும் பயனில்லை. இது லீவர் பூட்டு, அதாவது உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன நெம்புத் தகடுகள் (லீவர்கள்) அடுக்கியிருக்கும்; சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் அவற்றின் வெட்டுகள் ஒரே நேராக வந்து தாழ் நகரும். ஒரே ஒரு லீவரின் ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தாலும் தாழ் அசையாமல் போகலாம். அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் ஸ்குரூவே கிடையாது, தகடுகளை ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள். ரிவெட் தலையை அரத்தால் ராவி எடுப்பது நல்லதா, இல்லை நடுவில் புள்ளி குத்தி டிரில் போடுவதா? செய்தவரின் முத்திரை முன்தகட்டில் இருக்கிறது, அதில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அப்புறம், திரும்ப மூடுவதற்குப் பித்தளைக் கம்பி தாங்குமா? ஒடிந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக எதை வெட்டிப் போடுவீர்கள்? உடைத்துத் திறக்க மட்டும் சொல்லாதீர்கள், இது மறுபடியும் கதவில் தொங்க வேண்டும். பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், படம் வேண்டுமானால் உடனே போடுகிறேன்.