விசுவாசத்துக்காக வேலையை விடலாமா?

கேள்வி: நல்ல சம்பளம்தான், ஆனால் பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்கள். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ராஜினாமா செய்வது விசுவாசமா, வெறும் அவசரமா?

பதில் 1: கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொன்னாரே (லூக்கா 14). வேறு வேலை தேடிக்கொண்டே, பொய்க் கணக்கில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்.

பதில் 2: சொன்ன அன்றே வெளியே அனுப்பினால்? எனக்கு நடந்தது. ஏழு மாதம் வேலையில்லை, ஜெபிக்கக்கூட வரவில்லை. ஆனாலும் வருத்தமில்லை.

பதில் 3: நாஜிகளை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1939-ல் பத்திரமாக அமெரிக்காவில் இருந்தவர், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார், 1945-ல் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள், இயேசுவை ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது பிசாசுதானே!

கேட்டவர்: சரி, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு பேசுகிறேன்.